கீழச்சிவல்பட்டித் தாழியைக் கடலில் கரைக்காமல் காக்கக் கோரி

அனுப்புநர்:
மு. தேவிகா,
செயலாளர், சிவல் தொல்லாய்வு அறக்கட்டளை,
கீழச்சிவல்பட்டி, திருப்பத்தூர் வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: எங்கள் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள முதுமக்கள் தாழியை வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் அரசுப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் அறக்கட்டளையை 1998-இல் தொடங்கியவர் என் அப்பச்சி, அதாவது தந்தை, முத்து. கண்மாய்க்கரையில் மண் அள்ளிய இயந்திரம் பழந்தாழிகளை நொறுக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று சாப்பிடவில்லை. காரைக்குடியில் இருந்த தம் கடைகளின் வாடகையை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். உரிய அனுமதி பெற்று, ஆய்வாளர்களைக் கொண்டு அந்தக் கண்மாய்க்கரை மேட்டை அகழ்ந்தார். கடைசி வரை யாரிடமும் கையேந்தவில்லை. 'மண்ணாசை பிடித்தவர்' என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

2. அங்கே பெரிய தாழி ஒன்றும் அதை ஒட்டியே சிறு தாழி ஒன்றும் கிடைத்தன. பெரியதில் ஒரு பெண்ணின் எலும்புகளும் பற்களும், சிறியதில் ஒரு குழந்தையின் எலும்புகளும் பால் பற்களும் இருந்தன. இருவரும் தாயும் பிள்ளையும்தானா என்பதைப் பற்களைச் சோதித்துச் சொல்ல முடியும் என்று ஆய்வாளர்கள் கூறினர். உறுதியாகும்வரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பார் அப்பச்சி. ஆனால் அவரே வீட்டில் எல்லோரிடமும் 'தாயும் பிள்ளையும்' என்றுதான் சொல்லி வந்தார். சோதனைக்கு ஒப்புதல் வந்த மாதத்தில் அவர் காலமானார்; சோதனை அப்படியே நின்றது.

3. தாழிகள் இருந்தது பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான வீட்டில், அப்பச்சியின் பங்குக்கு வந்த அறையில். அறைக்குப் பூட்டு உண்டு. சாவி எங்கே தொங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்ற மாதம், முன்னோருக்குப் படையலிட்டு வணங்கும் எங்கள் படைப்புக்காக வீட்டைச் சுத்தம் செய்தார்கள். கரையேறாத உயிர் ஒன்று உள்ளே கிடக்கும்போது நம் முன்னோரை எப்படி அழைப்பது என்று என் பெரியப்பச்சியின் மனைவி சிட்டாள் ஆச்சிக்கு மனம் கேட்கவில்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். குழந்தையின் எலும்புகளையும் பற்களையும் புதுப் பட்டில் முடிந்து, இராமேஸ்வரம் கொண்டுபோய், எள்ளும் தண்ணீரும் இறைத்து, கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். பெயர் கேட்ட புரோகிதரிடம், நாலு வயதில் தவறிப்போன தன் மகன் இராமுவின் பெயரைச் சொல்லியிருக்கிறார் ஆச்சி.

4. நான் வந்து கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாரு பெத்த பிள்ளையோ, எம்புட்டுக் காலமாக் கரையேறாமக் கெடந்துச்சு. உங்க அப்பச்சியும் இதை நெனச்சுக்கிட்டேதான் போனாக. நாங்க சேத்து விட்டுட்டம், அழுகாத." அப்பச்சியின் இத்தனை வருட உழைப்பு போயிற்று. போக்கியவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

5. இப்போது பெரிய தாழியில் உள்ள எலும்புகளையும் எடுத்துப்போக வெள்ளிக்கிழமை காலைக்கு வேன் பேசியிருக்கிறார். பிள்ளை தனியாகப் போய்விட்டதே, தாயையும் அங்கேயே சேர்க்க வேண்டாமா என்கிறார். அவள் தாய்தான் என்பது உறுதியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் அப்பச்சியே சொன்னதுதானே என்கிறார். அதை உறுதி செய்யவோ மறுக்கவோ இனி ஒருவராலும் முடியாது.

6. ஆகவே, வெள்ளிக்கு முன் அந்தத் தாழியை அரசு அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்ல ஆணையிடுமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன். சிட்டாள் ஆச்சி மீது வழக்கு எதுவும் வேண்டாம். வரும் அலுவலர்கள் அவரை அதட்டாமல் பேசினால் போதும்.

அப்பச்சி இருந்திருந்தால் அறைவாசலில் நின்று மறித்திருப்பார். என்னால் முடியவில்லை, ஐயா. ஆச்சி சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றத் தொடங்கிவிட்டது. அந்த வேனில் நானும் ஏறி உட்கார்ந்துவிடும் முன் தாங்கள் ஆள் அனுப்ப வேண்டும்.

இடம்: கீழச்சிவல்பட்டி
நாள்: 19.08.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
மு. தேவிகா