தலைப்பிள்ளை பிறக்கிற ஊர்

நவ. 12, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். பூசை முடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முஸ்லிம் நானாவின் கொமியூனிகேஷன் கடைக்கு, டெலிபோன் அங்கேதான். மகள் ஸ்டெல்லா கோல் எடுக்கிற நாள். இங்கே ஞாயிறு காலை, அங்கே அவளுக்குச் சனி இரவு.

அவள் இருக்கிற வெர்மொண்ட் அமெரிக்காவில் மிகச் சின்ன மாநிலமாம். சனத்தை விட மரம்தான் கூட. இந்தக் கிழமை ஊர்க் கூட்டத்துக்குப் போனாளாம்.

"பனிக்கு ரோட்டில உப்புப் போடுறதோ மண் போடுறதோ எண்டு ஒரே சண்டை அம்மா. உப்பு நல்லம், ஆனா விலை கூட. வரி ஏறுமெண்டு பாதிச் சனம் கத்துது."

"கறிக்கே உப்புப் போடத் தெரியாத நீ அங்க போய் என்னடி செய்தனீ?"

சிரித்தாள். ஒரு கிழவன் எழும்பி ஊர்த் தலைவரைப் பார்த்து, கள்ளன் என்று சொன்னானாம்.

"பிறகு?"

"பிறகென்ன, எல்லாருக்கும் கோப்பி குடுத்தாங்கள். கிழவன் குடிச்சிட்டு வீட்ட போனான்."

வீட்டுக்கா போனான் என்று திரும்பவும் கேட்டேன்.

பிறகு செலவுக் கதை. வீட்டைச் சூடாக்க எண்ணெய், ஒரு தாங்கி நிரப்பினால் சம்பளம் போச்சு. கறிவேப்பிலை வாங்க அடுத்த மாநிலத்துக்குக் கார் ஓடவேண்டும். மருமகனுக்குப் புது வேலை, இன்சூரன்ஸ் இன்னும் சரிவரவில்லை. பிள்ளை பெற ஆஸ்பத்திரி பில் ஒரு வீட்டு விலை என்கிறாள்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டில தானே அம்மா? நான் அங்க வாறன். இன்னும் கொஞ்சம் போனா பிளேனில ஏத்தமாட்டாங்கள். அடுத்த கிழமை டிக்கட் எடுக்கோணும். அப்பா எங்க?"

"ஒருகொடவத்தையில. யார்ட்டில கொண்டெய்னர் குவிஞ்சு போச்சாம், ஞாயிறும் வேலை. உன்ர அப்பாவைக் கட்டினதுக்கு ஒரு கொண்டெய்னரைக் கட்டியிருந்தா ஒரு இடத்தில நிண்டிருக்கும்."

அவள் சிரித்தாள். நானும். நானா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது இவரைப் பொலிஸ் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. வயிற்றுப் பிள்ளைக்காரி. சொல்வதில்லை என்று முடிவு.

நவ. 13, திங்கள்

மழை. ஸ்டேஷனுக்கு. கொண்டுபோனது: சாரம், துவாய், சவுக்காரம், பிரஷர் குளிசை, சோற்றுப் பார்சல். பார்சலுக்குள் இறால் பொரியல். இறால் விலை கேட்டுத் தலை சுற்று. "என்ன, தங்கமுலாம் பூசினதோ?" என்று மீன்காரனிடம் கேட்டுவிட்டு, பிறகும் வாங்கினேன்.

வெளியே பெண்கள் வரிசை. எல்லோர் கையிலும் பை.

உள்ளே இருந்த பொலிஸ் மாத்தயா சின்ன வயது. இவருடைய ஐடென்டிட்டி கார்டை விரலால் தட்டினார். "நோனா, உபன் கம யாப்பனே." பிறந்த ஊர் யாழ்ப்பாணம். குற்றம் அவ்வளவுதான்.

சிங்களத்தில் சொன்னேன்: மாத்தயா, அங்கே பால் குடிக்க மட்டும்தான் இருந்தவர், பல் முளைக்க முதல் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார், கடிக்கப் பழகினதெல்லாம் இங்கேதான்.

வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்கும் சொல்லிச் சிரித்தார். விடவில்லை.

பையை வாங்கிக்கொண்டார்கள். இவரைக் காட்டவில்லை.

நவ. 14, செவ்வாய்

தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஹெந்தளையிலிருந்து மெர்சி மச்சாள், இவருடைய தங்கச்சி. ஒரு சீப்பு வாழைப்பழம். இரண்டு பேரும் தொடவில்லை.

மாமி இவரைப் பெற யாழ்ப்பாணத்துத் தாய்வீட்டுக்குப் போனவ. தலைப்பிள்ளை, முறை அப்படி. இரண்டாவது மச்சாள். அதற்கு முறை இல்லை, இங்கே கொழும்புப் பெரியாஸ்பத்திரியில். ஒரே வயிறு, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். மச்சாளின் கார்டில் கொழும்பு. பஸ்ஸில் மகாராணி மாதிரி வந்து இறங்குகிறா. அண்ணன் உள்ளே.

"ஸ்டெல்லா வரட்டும் மச்சாள்," என்கிறா. "முறையெண்டு ஒண்டு இருக்குது. தலைப்பிள்ளையை அந்நிய தேசத்தில பெறவிடலாமோ? உங்களுக்கும் வீட்டில ஒரு துணை."

"அந்த முறைதான் உங்கட அண்ணனை உள்ளுக்குப் போட்டது."

அழுதா. சொல்லியிருக்கக் கூடாது. பகிடியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேறு மாதிரி வந்துவிட்டது.

மச்சாள் போன பிறகு யோசனை. ஸ்டெல்லா வந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைவாள். சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. பிறக்கிறதுக்கும் இந்த ஊர்ப் பெயர் எழுதுவார்கள். இன்றைக்கு யாழ்ப்பாணம் என்றால் இறக்குகிறார்கள். நாளைக்குக் கொட்டாஞ்சேனை என்றாலும் இறக்கமாட்டார்களா? வெர்மொண்ட் என்று கிடந்தால் எந்தப் பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள்?

நவ. 16, வியாழன்

மழை விட்டது. ஸ்டேஷன். வேறு ஆள்.

"மெஹே நே, நோனா. கெனிச்சா."

இங்கே இல்லை, கொண்டுபோயாச்சு. எங்கே? தோளைக் குலுக்கினார். எப்போது? அதற்கும் தோள்.

பையைத் திருப்பித் தந்தார்கள். சாரத்தின் மடிப்புக் கலையவில்லை. சவுக்காரம் நனையவில்லை. குளிசை ஒன்றுகூட எடுபடவில்லை. சோறு நாறிப்போய் அப்படியே.

அப்படியென்றால் திங்கட்கிழமை நான் பகிடி விட்டபோதே இவர் அங்கே இல்லையா.

நடந்து வந்தேன். எந்தப் பக்கமாக வந்தேன் என்று தெரியாது.

நவ. 17, வெள்ளி

பாண் விலை ஏறிவிட்டது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி. குழாயடியில் யாரோ என்னிடம்: "என்ன, பிலோ அக்கா வீட்டில சத்தத்தையே காணேல்ல? சுகமில்லையோ?" இன்னொருத்தி அவள் கையைக் கிள்ளினாள். நான் பார்க்காத மாதிரி வாளியை வைத்தேன்.

ஃபாதரிடம் போனேன். கடிதம் தருகிறாராம். எந்த இடத்துக்கு என்று எழுதுவது என்று அவரே கேட்டார்.

மண்ணெண்ணெய் முடிந்தது. வாங்கவில்லை. யாருக்குச் சமைக்க.

நானா கடையைத் தாண்டும்போது கூப்பிட்டார். "புள்ளைக்கிட்ட இன்னும் சொல்லல்லியா அக்கா?"

"சொன்னா அடுத்த பிளேனில நிப்பாள்."

"சொல்லாட்டியும் வரப் போறாளே."

"அதுதான் நானா. வராமப் பண்ணோணும்."

எப்படி என்று கேட்டார். வெயில் வந்துவிட்டது, உடுப்புக் காயப்போடவேண்டும் என்று வந்துவிட்டேன்.

நவ. 19, ஞாயிறு

வெயில். பூசையில் ஒன்றும் காதில் விழவில்லை. கோல் வந்தது.

"உப்புத்தான் வெண்டது அம்மா! கை தூக்கி எண்ணினவங்கள். நாளைக்கு டிக்கட் எடுக்கிறன்."

"எடுக்காத."

"ஏன்?"

"உன்ர அறையை வாடகைக்குக் குடுத்திட்டன்."

"என்ர அறையையோ? பகிடிதானே?"

"இல்ல. இங்க சாமான் விலை தெரியுமோடி உனக்கு? நல்ல சனம், மூண்டு மாச அட்வான்ஸ் தந்தவை."

"அப்ப நான் ஹோலில படுக்கிறன். பாய் போதும்."

"பச்சைப் பிள்ளை கத்தினா அதுகள் எழும்பிப் போயிடும். பிறகு நான் யாரைத் தேடுறது?"

நானா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

"ஆஸ்பத்திரி பில்லை என்னெண்டு கட்டுறது அம்மா?"

"கட்டினவன் கட்டட்டும். உன்னைக் கட்டினவனைச் சொல்லுறன்."

இதற்கு எப்போதும் சிரிப்பவள். சிரிக்கவில்லை.

"எனக்கு இது தலைப்பிள்ளை அம்மா," என்றாள். வைத்துவிட்டாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பாள் என்று ஒரு பொய்யும் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். கேட்கவில்லை.