பூல்மணி கொடுத்த கூடு

ஜூன் 3, செவ்வாய்

கூட்டைக் காதில் வைத்தேன். உள்ளே ஏதோ புரண்டது. வெளியே தூறல்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்து ஆள் பூல்மணி. ஜார்க்கண்ட்காரி. முன்பு ஊரிலிருந்து கொண்டுவந்த கூட்டை, சித்திரையில் திரும்பிப் போகும்போது கொடுத்தாள். "காட்டுப் பட்டு. புழு மருத மர இலை தின்னும். பெருசாகி இப்டி கூடு கட்டும். மழ வந்தா பூச்சி வெளிய. அப்ப போன் பண்ணு."

இன்னும் பண்ணவில்லை. பூச்சி வந்தால்தானே. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவள் ஸ்டூலில் இப்போது யாரோ. மதியம் தனியாகச் சாப்பாடு.

ஜூன் 5, வியாழன்

ஷிப்மெண்ட். நாள் முழுக்கக் குழந்தை பனியனில் பிசிறு வெட்டினேன். வீட்டுக்கு வந்து கூட்டை எடுத்தால் மேலே கயிறு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு. கை தானாக நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தது. வெட்டிவிட்டேன்.

பிசிறு இல்லை. கூட்டைக் கிளையில் தொங்கவிடும் காம்பு.

அம்மாவுக்குச் சிரிப்பு. "ஏங்கண்ணு, உள்ளுக்க மாப்பிள்ளையா இருக்கறான்? இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?"

வெளியே வரும் பூச்சி தொங்காவிட்டால் றெக்கை சுருண்டே போகும் என்று பூல்மணி சொல்லியிருந்தாள். அப்புறம் எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்? வேஸ்ட் துணியில் சின்னப் பை தைத்து, கூட்டை உள்ளே நிறுத்தி, ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. சாயங்காலம் பூச்சி வந்துவிட்டது!

நனைந்த உடம்பு, கசங்கிய றெக்கை. பைத்துணியைப் பற்றி ஏறியது. வழுக்கியது. மறுபடி ஏறித் தொங்கியது. றெக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி விரிந்தது. மஞ்சள். ஒவ்வொரு றெக்கையிலும் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், அதன் வழியே சுவர் தெரிகிறது.

"ஆத்தாடி, கையகலம் இருக்குது கண்ணு!" அம்மா.

போன் எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

"மஞ்சளா? பொண்ணு," என்றாள் பூல்மணி. அதே குரல். "வாய் இல்ல அதுக்கு, ஒண்ணும் சாப்டாது. வெளிய கிளைல வை. ஆண் வாசம் புடிச்சு தூரத்துலேந்து வரும்."

"இங்க ஏது பூல்மணி ஆண்பூச்சி?"

"அப்ப சும்மா முட்ட போடும். செத்துரும். சரி, போன வெக்கட்டா?"

பூச்சிச் சேதி தீர்ந்துவிட்டது.

"நீ எப்ப வர்றே?" என்று கேட்டேன்.