குறைத்துச் சொன்னவள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஓசூர் காத்து, ஸ்வெட்டர் இல்லாம முடியலை. சானமாவு காட்டுல யானை ரோட்டுக்கு வந்துட்டதுன்னு கம்பெனி பஸ் முக்கால் மணி நேரம் லேட். அதுக்குள்ள கேட்ல கூட்டம். எட்டு ஆபரேட்டர் வேலை, அறுபது பேருக்கு மேல.

இன்னிக்குப் பிடிச்சது:
– மூணு கம்பெனி அனுபவ லெட்டர், மூணுலயும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே கம்ப்யூட்டர் சென்டர்ல அடிச்சது.
– ஆறு வருஷ வெல்டராம். முழங்கை வரைக்கும் பொறி பட்ட ஒரு தீப்புள்ளி இல்லை.
– தம்பிக்குப் பதிலா அண்ணன். ஆதார் போட்டோவுல காது வேற.

ஜி.எம். எல்லார் முன்னாடியும், "வளர்மதி கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுப்பா"ன்னார். பதினோரு வருஷ ஹெச்.ஆர். வேலைக்கு இந்த ஒரு வாக்கியம்தான் சம்பள உயர்வு. ஆனாலும் சந்தோஷமாத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 10, செவ்வாய்

சுகன்யா. காவேரிப்பட்டினம் பக்கம். பிளஸ் டூ. மார்க் நல்ல மார்க். அப்புறம் நாலு வருஷம்? "வீட்லதாங்க இருந்தேன்."

டெஸ்ட்ல பீஸ், அளந்து பார்க்கற கேஜ், டிராயிங் மூணும் வைப்போம். டிராயிங்கை யாரும் பார்க்க மாட்டாங்க. இவ எடுத்துப் பார்த்தா. வட்டத்துக்குள்ள கூட்டல் குறி போட்ட இடத்துல விரலை வச்சு, "துளை சைஸ் சரிங்க. ஆனா இருக்க வேண்டிய இடத்துல இல்லை. தள்ளியிருக்கு"ன்னா.

பிளஸ் டூ பொண்ணுக்கு அந்தக் குறி எப்படித் தெரியும்?

ஸ்கூலுக்கு போன் போட்டேன். கிளார்க் பெருமையா, "நல்லா படிக்கிற பொண்ணுங்க, இன்ஜினியரிங் சேர்ந்துச்சே!"

கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனியலை.

"மெக்கானிக்கல் முடிச்சிருக்கேங்க. ஒரு அரியர்கூட இல்லை. டிகிரியைக் காட்டினா ஆபரேட்டர் வேலை தர மாட்டேங்கறீங்க. இன்ஜினியர் வேலைக்கு வந்தா அனுபவம் கேக்கறீங்க."

"அதுக்காக பொய் சொல்லலாமா?"

"பொய் சொல்லலைங்க மேடம். குறைச்சுச் சொன்னேன்."

ரூல் ரூல்தான். டிகிரி படிச்சவங்க ஆபரேட்டர் வேலையில நிக்க மாட்டாங்க, கேள்வி கேப்பாங்க. ரிஜெக்ட். சுத்துவட்டார ஹெச்.ஆர். எல்லாரும் இருக்கற வாட்ஸப் குரூப்புல அவ பேரும் போட்டோவும் போட்டேன். "விவரத்தை மறைத்தவர், கவனம்." ஆறு பேர் கட்டைவிரல் காட்டினாங்க.

ராத்திரிக்கு ராகிக்களி. வீட்டுக்காரர் செகண்ட் ஷிப்ட்.

ஜூன் 12, வியாழன்

வெயில். மூக்கடைப்பு.

ஜி.எம். கொண்டு வந்த ஆள், தினேஷ். குவாலிட்டி இன்ஜினியர் போஸ்ட். அவர் மச்சினன் வழிச் சொந்தம். சர்டிபிகேட் பளபளன்னு புதுசு. காலேஜுக்கு மெயில் போட்டிருந்தேன், பதில் வந்தது: இந்த நம்பர்ல எங்ககிட்ட யாரும் படிக்கலை.

பிரிண்ட் எடுத்துட்டு ஜி.எம். ரூமுக்குப் போனேன். படிச்சார். மடிச்சு டிராயர்ல போட்டார்.

"காலேஜ்ல ரெக்கார்டு ஒழுங்கா வைக்க மாட்டாங்கம்மா. பையன் கெட்டிக்காரன். நீங்க வெரிஃபைடு போட்டுடுங்க."

"சார், இது..."

"அப்ரைசல் வருதில்ல?"

போட்டேன். தேதி, கையெழுத்து, சீல். அரை நிமிஷம்கூட ஆகலை.

ஜூன் 17, செவ்வாய்

வாங்க வேண்டியது: பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், தைலம், கேஸ் புக்கிங்.

ஷாப் ஃப்ளோருக்கு அட்டெண்டன்ஸ் பார்க்கப் போனேன். காண்ட்ராக்ட் மேஸ்திரி மூணு பாஷையில ஆளுங்களை விரட்டிக்கிட்டிருந்தான். "ரா ரா, பேக பா, சீக்கிரம்!" மஞ்சள் கோட்டு போட்ட லேபர் வரிசையில சுகன்யா.

காண்ட்ராக்ட்காரன் ஆதார் மட்டும்தான் பார்ப்பான். நாங்க வேண்டாம்னவளை அவன் மூலமா நாங்களே வச்சிருக்கோம். பாதிச் சம்பளம், பி.எஃப். இருக்கோ இல்லையோ.

என்னைப் பார்த்துட்டா. கிட்ட வந்து, "சொல்லிடுவீங்களா மேடம்?"

அட்டெண்டன்ஸ் ஷீட்டைப் புரட்டிக்கிட்டே நடந்துட்டேன். தலையாட்டியாவது இருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

கஸ்டமர்கிட்டருந்து லோடு மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. துளை எல்லாம் தள்ளிப் போயிருக்கு. பாஸ் பண்ணிக் கையெழுத்து போட்டது தினேஷ்.

சுகன்யா புதன்கிழமையே அவன்கிட்ட சொல்லியிருக்கா. லைன்ல இருந்த பொம்பளைங்க நாலு பேரும் கேட்டிருக்காங்க. அவன் சொன்னது: "லேபர் நீ எனக்கு டிராயிங் சொல்லித் தர்றியா? பீஸை அடுக்கு."

ஜி.எம். கூப்பிட்டார். "அந்த மஞ்சக்கோட்டுப் பொண்ணுதான் கழிச்ச பீஸைக் கலந்து விட்டிருக்கா. படிப்பை மறைச்சு உள்ள வந்தவளாமே, நீங்கதானே பிடிச்சீங்க? ரிப்போர்ட் எழுதுங்க. சென்னை ஹெட் ஆபீஸுக்கு இன்னிக்கே போகணும்."

எழுதினேன். அவ டிகிரியை மறைச்சது உண்மை, எழுதினேன். தப்பை முன்னாடியே சொன்னதும் உண்மை, அதையும் எழுதினேன். கீழே தினேஷ் காலேஜ்லருந்து வந்த மெயிலை இணைச்சேன். ஜி.எம்.முக்குக் காட்டாம அனுப்பினேன்.

 

ஜூன் 23, திங்கள்

மூடாக்கு. மழையும் இல்லை வெயிலும் இல்லை.

சுகன்யாவை சனிக்கிழமையே கேட்டோட நிறுத்திட்டாங்க. காண்ட்ராக்ட் ஆள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தினேஷ் வேற பிளான்ட்டுக்கு மாத்தல். ஹெட் ஆபீஸ் மெயில் எனக்கு மட்டும்: சர்டிபிகேட் போலின்னு பன்னிரண்டாம் தேதியே தெரிஞ்சிருந்தும் வெரிஃபைடு போட்டது ஏன்? மூணு நாள்ல எழுத்துபூர்வமா விளக்கம்.

ஜி.எம்.கிட்ட போனேன். "நான் அப்படிச் சொன்னேனா? ஞாபகமே இல்லையேம்மா." முகத்துல ஒரு சலனம் இல்லை. முதல் நாள் வந்த அந்தத் தீப்புள்ளி இல்லாத வெல்டராவது கொஞ்சம் வேர்த்தான்.

மத்தியானம் குரூப்புல எழுதினேன்: சுகன்யா சான்றிதழ்கள் எல்லாம் அசல், திறமையான பெண், என் பதிவைப் பொருட்படுத்த வேண்டாம். ஒருத்தர் பதில்: "இருந்தாலும் ரிஸ்க் எதுக்குங்க மேடம்." மத்தவங்க படிச்சதோட சரி.

ஜூன் 25, புதன்

சுகன்யாவுக்கு போன். எடுத்தா. பின்னாடி பஸ் ஹாரன், யாரோ கன்னடத்துல டிக்கெட் கேக்கற சத்தம். பெங்களூர்ல துணிக்கடை, சேல்ஸ்.

"அங்க என்ன படிப்பு சொன்னே?"

"யாரும் கேக்கலைங்க."

மன்னிச்சுக்கோன்னு சொல்ல ஆரம்பிச்சேன். "ஸ்டாப்பிங் வந்துடுச்சுங்க மேடம்"னு வச்சிட்டா.

வீட்டுக்காரர் சொல்றார்: "ஞாபகம் இல்லைன்னு நீயும் எழுதிடேன். வேலை ரொம்ப இருந்துச்சு, கவனிக்கலைன்னு எழுது. தப்பிச்சுக்கலாம்." மூணு தடவை அப்படியே எழுதிப் பார்த்தேன். நல்லாவே வந்தது. நானே நம்புவேன்.

ஜூன் 26, வியாழன்

விளக்கம் கொடுத்தாச்சு. ரெண்டே வரி.

"போலி என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டேன். ஜி.எம். சொன்னார், நான் செய்தேன்."

டிஸ்பாட்ச்ல ஒரு காப்பியில 'பெறப்பட்டது' சீல் வாங்கி பையில வச்சேன். நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு யாரும் சொல்லலை.