மடிக்காத கடற்பாசி

சொங்ஜு,
டிசம்பர் 6

அன்பு மகள் ஹேவோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். இந்த முறை நலம் என்று எழுதுவதற்கு முன்னால் அது உண்மைதானா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். வான்கூவரில் மழை விடவில்லை என்றாயே, வழுக்கும் படிகளில் பார்த்து இறங்கு.

அன்று தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்டாய், வயிறு நிறைய என்றேன். அதே நேரம் பின்னால் அப்பா நர்ஸிடம், "நாலு நாளா இவ பச்சத்தண்ணிகூடக் குடிக்கலையே, கஞ்சி எப்ப குடுப்பீங்க" என்று கேட்டது உன் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு மெதுவாகப் பேசவும் வராது, பொய் சொல்லவும் வராது. நீ கோபித்து எழுதியது நியாயம்தான். பிரசவத்துக்கு வருவாயா மாட்டாயா, மறைக்காமல் சொல் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

மல்சுன் அத்தை வீட்டில் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம், எண்பது கோஸ். முடித்ததும் அத்தை வழக்கம்போல வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுருட்டி, மிளகாய் அப்பிய கையோடு ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிக்கொண்டே வந்தார். என்னிடம், "ஒண்ணே ஒண்ணும்மா, நீட்டின கையைத் திருப்பி எடுக்க மாட்டேன், வாயைத் திற" என்றார். கொழுப்பு எனக்கு ஆகாதுதான், ஆனால் எட்டு மாதமாக வலி வரவில்லை. திறந்தேன், ருசியாகத்தான் இருந்தது. மறுநாள் மதியம் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைத்தது. படுக்க முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர், தினமும் எத்தனை பாட்டில் சோஜு குடிப்பீர்கள் என்றார். கணைய அழற்சியோடு பதினோரு வருடம் ஆகிறது, இது குடிகாரர் நோய் என்று நினைத்துக் கேட்கும் அந்தக் கேள்வி மட்டும் பழகவே இல்லை. அப்பா, "குடிக்கிறது நான் டாக்டர், வலி மட்டும் இவளுக்கு" என்றார்.

அத்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு, என் கையாலேயே உனக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்று அழுதார். அந்தக் கறிமேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. மார்ச்சில் வலி வந்தபோது நான் ஒரு வாரமாக வெறும் கஞ்சியும் டோஃபுவும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதனால் என்று பெரிய டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம், தப்பே செய்யாத நாளிலும் வருகிறதே, அதுதான் என்னைக் குலைக்கிறது. பிள்ளை பெற்றவள் வீட்டில் நான் சுருண்டு கிடந்தால் யார் யாரைப் பார்ப்பது. வரவில்லை என்று மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நான் வீடு திரும்பிய பிறகு, பிள்ளை பெற்றதும் உனக்குச் சூப் காய்ச்சிக் கொடுக்க அத்தை உலர்ந்த கடற்பாசி கொண்டுவந்தார், ஆள் உயரம். அப்பா பெட்டியில் அடங்கவில்லை என்று அதை மடிக்கப் போனார். "டேய், பிரசவத்துக்குப் போற பாசிய எவனாவது மடிப்பானா? பொண்ணுக்குச் சிக்கலாயிடும்டா. மூளைய சோஜு பாட்டில்லயே விட்டுட்டியா" என்று அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டார். அதோடு விடவில்லை. "இவளுக்கு முடியாத அன்னிக்கு நீ காய்ச்சு" என்று தன் தம்பியை, உன் அப்பாவை, அடுப்பின் முன்னால் நிறுத்திவிட்டார். அவர் காய்ச்சிய முதல் சூப் கடல் தண்ணீராய்க் கரித்தது. மாட்டிறைச்சியும் எண்ணெயும் வேண்டாம், உலர்ந்த மீன் போட்டால் நீயும் நானும் ஒரே பானையில் சாப்பிடலாம்.

உன் பட்டமளிப்பு விழாவுக்கு வலி வந்துவிடுமோ என்று பயந்து வராமல் இருந்தேன். அன்று வலி வரவே இல்லை. உன் பெயரைக் கூப்பிட்ட நேரத்தில் நான் வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே வருகிறேன், அப்பாவோடு. டாக்டரும் சம்மதித்துவிட்டார். ஒன்று மட்டும் கேள், அங்கே எனக்கு வலி வந்தால் நீ பிள்ளையை விட்டு எழுந்து வரக் கூடாது. ஆண்கள் இருவரும் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகட்டும்.

சுகமாகப் பெற்றெடுத்து, நீயும் குழந்தையும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அங்கே கடற்பாசி வாங்கிவிடாதே, நீளமான அட்டைப்பெட்டியில் மடிக்காமல் வருகிறது. இனி சாப்பிட்டாயா என்று தாராளமாகக் கேள், சாப்பிடாத நாளில் இல்லை என்றே சொல்வேன். இன்று சாப்பிட்டேன். அப்பா காய்ச்சியது, அரைக் கிண்ணம். உப்பு சரியாக இருந்தது.

உன் அம்மா