சவுக்கு வரிசையில் ஒரு இடைவெளி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன், மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முனகும், அது பழைய கதை. அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான், ஆனால் எழுதினால் அது பொய். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே அடுத்த அறையில் கட்டிலில் இருக்கிற மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் "பிள்ளைய பயமுறுத்தாத, நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று அங்கிருந்தே அதட்டுகிறார். அதனால்தான் நீ பேசும்போதெல்லாம் குட்டிக்குப் பல் விழுந்ததையும் மழை பெய்ததையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இப்போது அவர் தூங்குகிறார், நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி, கோபப்படாதே. தோட்டத்தில் கடல் பக்கம் நிற்கிறதே சவுக்கு வரிசை, அதில் நடுவிலிருந்த மரங்களை வெட்டிவிட்டோம். வெட்டச் சொன்னது நான்தான். பூ பூக்கிற மாதத்தில் லீவு போட்டு வருகிறேன், குட்டிக்கு நம் தோட்டத்தைக் காட்டவேண்டும், சின்ன வயதில் செடிகளைக் குளிப்பாட்டினேன் என்று சொன்னால் அவள் சிரிக்கிறாள் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன். அந்தத் தோட்டத்தில் பாதி உன்னுடையது, உன்னைக் கேட்காமல் செய்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பின்பக்கம் வெறும் மணல், தண்ணீர் ஊற்றினால் ஊற்றின வேகத்தில் காணாமல் போகும். எனக்கானால் பூ இல்லாமல் வீடு வீடாகவே தெரியாது. கடற்பாசி நல்ல உரம் என்று துறைமுகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு உன் அப்பா கிரேன் வேலை முடிந்து வரும்போது சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, அலசாமல் கொள்ளாமல் உப்போடு அப்படியே பாத்தியில் பரப்பிவிட்டார். நான் ஆசையாக வைத்த சாமந்தி மொத்தமும் கருகிப்போயிற்று. கேட்டால் "கடல்லயே வளர்ற செடிக்கு உப்பு ஒண்ணும் பண்ணலையே" என்று என்னிடமே நியாயம் கேட்டார். கொஞ்ச நாள் நான் அவரோடு பேசவில்லை, நீதான் நடுவில் ஓடி ஓடி, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க, அப்பாவுக்குப் பசிக்கலையாம் என்று தூது போனாய். அவருக்குப் பசிக்கவில்லையாம், ஆனால் சோற்றுப்பானை மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது. அப்புறம்தான் பாசியை ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே நனையவிட்டு, மக்கவைத்துப் போடக் கற்றுக்கொண்டோம்.

மண் சரியானால் காற்று விட்டதா. உப்புக்காற்று ஒரு முறை அடித்தால் இலை ஓரமெல்லாம் நெருப்புப் பட்ட காகிதம்போல ஆகிவிடும். தகரம் வைத்துத் தடுத்தார், அது பறந்துபோய் எதிர்வீட்டுத் தையற்காரி வாசலில் விழுந்தது, அவள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பழைய வலையைக் கட்டிப் பார்த்தார், கிழிந்து தொங்கியது. கடைசியில்தான் சவுக்கு நட்டோம். அது வளர்ந்து மறைக்கிற வரைக்கும் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் நாம் மூன்று பேரும் ஆளுக்கொரு வாளி நல்ல தண்ணீரோடு இறங்கி, இலை இலையாக உப்பைக் கழுவுவோம். நீ ஒருநாள் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்து நந்தியாவட்டைக்கு நுரை பூசிவிட்டாய், திட்டப்போனால் உன் அப்பா "கண்ணுல படாம தேய்க்கிறாளா பாரு" என்று உன் பக்கம் சேர்ந்துகொண்டார். பாப்பா, அந்தக் காலைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ஈரப்பாவாடையோடு நீ, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கிற அவர், எல்லாருக்கும் பசி, ஒருத்தருக்கும் உள்ளே போக மனசில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வந்ததாக ஞாபகமில்லை.

சவுக்கு அடர்ந்த பிறகு ரோஜா பூத்தது, செம்பருத்தி பூத்தது, கரையில் நடக்கப் போகிறவர்கள் நம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் வீட்டிலிருந்து கடல் தெரியாமல் போயிற்று. "கடலோரத்துல வீட்டை வச்சிக்கிட்டு கடலைப் பாக்க மாடி ஏற வேண்டியிருக்கு" என்று உன் அப்பா அலுத்துக்கொள்ளாத நாளில்லை. உச்சியைக் கொஞ்சம் வெட்டட்டுமா என்பார், வேரோடு என்னையும் வெட்டுங்கள் என்பேன். வேலைக்குப் போகிற காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, சாயந்தரம் டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் இருட்டுகிற வரை கப்பல்களைப் பார்த்துவிட்டு வருவார், அதுதான் அவருக்குக் கோயில்.

போன முறை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோமே, அதிலிருந்து மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, காலில் வீக்கம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கட்டிலைப் பின்அறை ஜன்னலோரம் போட்டேன். படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, இது இழுவைப்படகு, அந்தக் கிரேனுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கிப் போகச் சொல்லட்டுமா என்றேன், "மூட்டை தூக்குற மாதிரியா, வேண்டாம் விடு" என்று சொல்லிவிட்டார். சவுக்கை வெட்டிவிடலாமா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் ரோஜாக்களைப் பறித்து டம்ளரில் போட்டு அவர் கண்ணில் படட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்தேன். "நல்லாயிருக்கு, கொஞ்சம் தள்ளி வையேன்" என்றார். ஏன் என்று குனிந்து பார்த்தால், மரங்களுக்கு நடுவே ஒரு காசு அளவு சந்தில் கடல் தண்ணீர் மினுங்குகிறது. அதைத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் தோட்டத்துக்குப் போய் நின்று அழுதேன்.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டேன். ரம்பச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கத்துகிறார், "யாருப்பா அது, மரத்துல கை வைக்காத, அவ பூவெல்லாம் செத்துப்போயிடும்" என்று. நான் ஓடிப்போய்ப் பேசாமல் படுங்கள் என்றால், "இதை வளக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா" என்று எழுந்திருக்கப் பார்க்கிறார். பட்டவளே சொல்கிறேன், படுங்கள் என்றேன். தச்சர் ரம்பத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு ஒரு குரல் குடுங்க, நான் பீடி பிடிச்சிட்டு வரேன்" என்று நகர்ந்துவிட்டார். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். மரம் சாய்ந்ததும் அறைக்குள் அப்படி ஒரு வெளிச்சம். அவர் தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொண்டு வெளியே பார்த்தார். அப்புறம் "அந்தக் கப்பலுக்கு பெயிண்ட் அடிச்சு ரொம்ப காலமாச்சு" என்றார். அன்றிலிருந்து எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று எனக்கு நாள் முழுக்கச் செய்தி வாசிப்புதான்.

பயந்தபடியே காற்றும் அடித்தது. இடைவெளிக்கு நேரே இருந்த ரோஜா எல்லாம் போய்விட்டது, செம்பருத்தி மொட்டையாக நிற்கிறது. இலை கழுவ என் முழங்கால் விடவில்லை. அந்த இடத்தில் நித்தியகல்யாணி வைத்திருக்கிறேன், அது குட்டையாக நின்று உப்பைத் தாங்கும். வெட்டின சவுக்கு துளிர்க்காது, நான் புதிதாக நடப்போவதும் இல்லை. ஆகவே நீ குட்டிக்குச் சொன்ன தோட்டம் இங்கே இல்லை, பாப்பா.

கடைசியாக அவரைக் காட்டப் போனபோது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இருக்கிற நாளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. இதை உனக்குச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

குட்டியைத் திட்டாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் வெறும் டீயோடு வேலைக்கு ஓடாதே. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே, லீவு கிடைத்தது வந்தேன் என்று சொல். பூ பூக்கிற மாதத்துக்குக் காத்திருக்காதே பாப்பா. பூ இல்லாவிட்டால் போகிறது, அப்பா இருக்கும்போதே வா.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா