முன்னே போகும் கிடா

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. ஆனாலும் மாடியேறி உன் அறையைக் கூட்டிப் பெருக்குவதை அவள் நிறுத்தவில்லை. யாரும் தூங்காத கட்டிலுக்கு எதற்கு விரிப்பு மாற்றுகிறாய் என்று கேட்டால் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். அதற்கு மேல் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

போனில் பேசுகிறவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானே என்று நினைப்பாய். உன் போனில் நீ மட்டும் பேசுவதில்லை. வீடியோவில் நான் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன்னால் உன் கண் பக்கத்தில் யாரிடமோ போய்விட்டு வருகிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிற நர்ஸ், பின் தெரு பழக்கடைக்காரரின் மகள். உங்கள் ஆட்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நீ அழைத்துக்கொண்டு போகிற ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாளாம். படித்ததும் அவள் கையிலேயே கொடுத்துவிடு. கிழித்துவிடுவாள்.

வியாபாரம் சுமார். மழையில் லாரிகள் வரவில்லை. வந்த செம்மறிகளிலும் பாதிக்குக் கால் புண். மேஸ்திரியால் வேறு தலைவலி. உனக்கு அவனைத் தெரியும், நீ பால்புட்டி பிடித்து வளர்த்த வெள்ளாட்டுக் கிடாதான். அறுப்புக்கூடத்துச் சரிவில் ரத்த வாடை பட்டதும் செம்மறிகள் காலை ஊன்றிக்கொள்ளும், அடித்தாலும் நகராது. மேஸ்திரி முன்னால் போனால் போதும். அவன் குரல் கொடுப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காதைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்குப் போகிறவன் மாதிரி நடப்பான். அந்த நடையை நம்பி மந்தை முழுக்கப் பின்னால் போகும். வாசல் தாண்டியதும் அவனுக்கு மட்டும் பக்கக் கதவு திறக்கும். வெளியே வந்து கேரட் தின்பான்.

போன வாரம் அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. நாங்கள் கடப்பாரை கொண்டு வருவதற்குள் உள்ளே நடப்பதை அவன் பார்த்துவிட்டான். மறுநாள் சரிவின் அடியில் போய் நின்றவன் நடுங்கினான். கத்தவில்லை, முரண்டு பிடிக்கவில்லை, வெறுமனே நடுங்கினான். அவ்வளவுதான், மந்தை அப்படியே திரும்பி வேலியை முறித்துக்கொண்டு சிதறிவிட்டது. கூடத்து மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு, "முதலாளி, இது இனிமே உதவாது. அடுத்த தடவை இதையும் சேர்த்தே உள்ள விட்டுடுங்க" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்று நீ கேட்க மாட்டாய்.

விடுமுறை என்று அவர்கள் உன்னை ஊருக்கு அனுப்பியபோது நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாரையும் வா என்று கூப்பிடவும் இல்லை. புதுச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகத் தெருவில் மேலும் கீழும் நடந்தாய், அவ்வளவுதான். அடுத்த மாதமே எதிர்வீட்டுத் தையல்காரரின் மூத்த மகன் உன் வெளிநாட்டுக் கம்பெனி விலாசம் கேட்டு வந்துவிட்டான்.

அவன் அங்கே வந்த பிறகு முதல்முதலாக வீடியோவில் பேசினானே, அன்றைக்கு நானும் தையல்காரர் வீட்டில்தான் இருந்தேன். நீ அவன் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவனும் சிரித்தான். ஆடு வாங்குகிறவன் ஆட்டின் சத்தத்தைக் கேட்டு வாங்குவதில்லை. காதையும் கண்ணையும் கால் ஊன்றும் விதத்தையும்தான் பார்ப்பான். அந்தப் பையனின் வாய் மட்டும்தான் சிரித்தது. உன் கை பட்ட தோள் காதுவரை ஏறியிருந்தது. பேசி முடிக்கும்வரை கைகளை மேசைக்கு மேலே கொண்டுவரவே இல்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

விளங்கியும் சும்மா இருந்தேன். சந்தையில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்தவன் பேரம் நடக்கும்போது, அவன் பிடித்திருக்கும் ஆட்டுக்கு நோய் இருப்பது தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சந்தையில் கால் வைக்க முடியாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வாயை மூடிக்கொண்டேன். அவனைப் பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இது சந்தை இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் தையல்காரர் கடைக்கு வந்தார். "சின்னவனும் போறேங்கறான். நீங்க என்ன சொல்றீங்க அண்ணே?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. கல்லாவில் எப்போதும் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க முகத்துல ஒரு கலக்கமும் இல்ல. எனக்கு அது போதும்" என்று எழுந்து போனார். பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்.

நர்ஸ் லீவில் ஊருக்கு வந்த பிறகுதான் மீதியும் தெரிந்தது. "அண்ணன் கூட்டிட்டு வர்றவங்க யாரும் வாயே தொறக்க மாட்டாங்க மாமா. அண்ணன்தான் படியில விழுந்துட்டான்னு சொல்லுவாரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி விரல்தான் உடைஞ்சிருக்கும். படியில விழுந்தா அப்படி உடையாது" என்றாள். தையல்காரரின் மூத்தவன் இரண்டு முறை வந்தானாம். இரண்டாவது முறை கட்டுப் போடும்போது அவள் கையைப் பிடித்தவன் விடவே இல்லையாம். நீ கதவருகே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். உன் இடது கையிலும் ஒரு விரல் மடங்குவதில்லை என்று அவள் சொன்னாள். உன் அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

அன்றைக்கே தையல்காரர் வீட்டுக்குப் போய், அது கம்பெனி இல்லை, ஆளைப் பூட்டி வைத்து விரலை உடைக்கிற இடம் என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். தையல்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "உங்க மகன் மட்டும் நல்லா இருக்கணும், எங்க வீட்டுப் பசங்க கூடாது, அதானே?" என்றார். சின்னவன் கோபப்படக்கூட இல்லை. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "பெரியப்பா, உங்க வீட்டு அண்ணன் நேத்துகூடப் பேசினாரு. என்னமா சிரிக்கிறாரு! உங்களுக்கு வயசாயிடுச்சு, போய்ப் படுங்க" என்று என்னையே கேலி செய்தான். வார்த்தையை வைத்து இத்தனை வருஷம் பிழைத்தவன் நான். என் வார்த்தைகள் அத்தனையும் உன் ஒரு சிரிப்புக்கு முன்னால் செல்லாமல் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிளம்புவதற்கு முன் உன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவதாகச் சின்னவன் சொல்லியிருக்கிறான். வீடியோவில்தான் கூப்பிடுவான். நீ எடுக்க வேண்டும்.

எதுவும் சொல்லாதே. பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சிரிக்காதே, அது போதும். அவன் கண்ணைப் பார். உனக்குள் இருப்பதை மூடாமல் முகத்தில் வரவிடு. அவனும் தாய் வயிற்றில் பிறந்தவன்தான், தெரிந்துகொள்வான்.

அதற்குப் பிறகு உனக்கு என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இதை எழுதவில்லை. நேற்று எழுதிக் கிழித்துப் போட்டேன், இன்று திரும்ப எழுதுகிறேன். உன்னை வெளியே கொண்டுவர நர்ஸ் மூலமாக ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் பேசியிருக்கிறேன். முடியுமா என்று அவர் சொல்லவில்லை. முடியும் என்று உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த ஒரு பையனைத் திருப்ப உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மாவையும் அழைத்துப் போகிறேன். அவளிடம் காரணம் சொல்லவில்லை, உன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். எங்களுக்காகவும் நீ சிரிக்க வேண்டாம், கண்ணு.

என் ஆயுசையும் சேர்த்து உனக்கே தரச் சொல்லி, எதையும் வேண்டிப் பழகாத நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்
அப்பா