நீங்க மொதல்ல ஏறுங்க

மாதா துணை

ரெட்டியார்பாளையம்,
ஞாயிறு ராத்திரி

அன்பு மகள் லினெட்டுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் உன் அம்மாவும், மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கிற பூனையும் சுகம். அங்கே பிரான்சில், லியோன் குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் அம்மா என்னைப் பேச விட்டால்தானே. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் புகுந்து ஒன்பது வார்த்தை சொல்லி என்னைத் திருத்துவாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அவள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நான் எடுத்தால் என் கட்டை விரல்தான் விழும். நீ தமிழ்மாறனைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா இல்லையா என்று பொங்கலிலிருந்து கேட்கிறாயே, அதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி.

உனக்கே தெரியும், தமிழ்மாறன் வீட்டு வீராம்பட்டினத்துக்காரர்கள் பெண் வீட்டார் அழைக்காமல் படி ஏறமாட்டோம் என்றார்கள். அழைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும், அதனால் நான் அழைக்கவில்லை. மாதா கோயில் வாசலில் பார்க்கலாம் என்றால் தமிழ்மாறனின் அப்பா, அம்மாவாசை என்று பேர், அவருக்கு வேண்டாம், அம்மன் கோயில் வாசல் என்றால் எனக்கு வேண்டாம். அந்த எரிச்சலில்தான் நீ அன்றைக்குப் போனில் "அப்படீன்னா நாலு பேரும் நடு ஆத்துல போய்ப் பாத்துக்குங்க" என்று கத்திவிட்டு வைத்தாய். நீ கோபத்தில் சொன்னாய், அந்தப் பிள்ளை தமிழ்மாறன் நிஜமாகவே லியோனில் இருந்தபடி நான்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். அரியாங்குப்பம் ஆற்றுக்கு நடுவில் அலையாத்திக் காடு மண்டிய ஒரு திட்டு இருக்கிறதல்லவா, இப்போது அதைப் பறவைகளுக்காகக் காப்பகம் ஆக்கிப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். நடு ஆறு யாருக்கும் சொந்தமில்லை, சரி என்று இரண்டு வீட்டுக்கும் மனசு ஒப்பியது. இன்று காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம்.

நான் வெறுங்கையோடு போகிற ஆளா? பேக்கரியில் நல்ல பிளம் கேக்கும் பப்ஸும் வாங்கிக்கொண்டேன். டிபன் கேரியரில் சோறு கட்டுகிறேன் என்ற உன் அம்மாவை, என்ன மில் ஷிப்டுக்கா போகிறோம் என்று அடக்கிவிட்டேன். கரையிலேயே பையைச் சோதித்தார்கள், திட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாதாம். கேக்கு பிளாஸ்டிக் டப்பாவில், பப்ஸ் பிளாஸ்டிக் கவரில். இரண்டும் கரையிலேயே தங்கிவிட்டன. அம்மாவாசை வீட்டம்மா அஞ்சலாட்சி கொண்டுவந்தது எவர்சில்வர் தூக்கு, அது ராஜா மாதிரி படகில் ஏறிவிட்டது. உன் அம்மா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியிருக்கலாம்.

அம்மாவாசையிடம் கேட்பதற்கென்று ஒரு வாரமாகக் கேள்விகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கல்யாணம் எங்கே, பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் உண்டா, இப்படி. திட்டில் கால் வைத்ததும் வழிகாட்ட வந்த தாமரைச்செல்வி என்ற பெண் உதட்டில் விரலை வைத்து, பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன, பலகைப் பாதை முடிகிறவரை யாரும் பேசக்கூடாது என்றுவிட்டாள். பேசித் தீர்க்க வந்த இடத்தில் பேச்சுக்குத் தடை! அம்மாவாசையும் கேள்விகளோடுதான் வந்திருப்பார் போல, தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டே நடந்தார். நான் ஒரு நாரையைக் காட்டினேன், அவர் என் தோளைத் தட்டி ஒரு மீன்கொத்தியைக் காட்டினார். நான் விடுவேனா, இன்னொரு நாரையைத் தேடிக் காட்டினேன். ஓரிடத்தில் ஆண் கொக்கு ஒன்று பாடுபட்டுக் குச்சி கொண்டுவந்து கொடுக்க, பெண் கொக்கு அதை வாங்கித் தூக்கிப் போட்டது. உன் அம்மா என் விலாவில் இடித்தாள். அந்தப் பக்கம் பார்த்தால் அஞ்சலாட்சியும் அவரை இடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமினேன், தாமரைச்செல்வி முறைத்தாள்.

இனிதான் விஷயமே. திரும்பும்போது படகு தயாராக நின்றது. அம்மாவாசை மரியாதையாக, "நீங்க மொதல்ல ஏறுங்க" என்றார். முதலில் ஏறினால் நாம் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகுமா, மரியாதை வாங்கிக்கொண்ட மாதிரி ஆகுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று, "அதெப்பிடி, நீங்க ஏறுங்க" என்றேன். அவர் "பெரியவரு நீங்க" என்றார், நான் "மாப்ள வூடு நீங்க" என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். இப்படியே மாறி மாறி நின்றதில் கடல் உள்வாங்கி, ஆற்றில் தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் தண்ணீர் ஏறினால்தான் போகமுடியும் என்று படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆயுசெல்லாம் மீன்பிடிக்கக் கடலில் கிடந்த மனுஷர் நீங்கள், தண்ணீர் வற்றுவது தெரியவில்லையா என்று அம்மாவாசையைக் கேட்டேன். "தெரிஞ்சிதாங்க இருந்திச்சி. சொன்னா நான் மொதல்ல ஏறப் பாக்குறன்னு நெனச்சிக்குவீங்களேன்னு உட்டுட்டேன்" என்றார். லினெட், அந்த இடத்தில் எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

துறைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். அங்கே பேசலாம், சாப்பிடலாம். அஞ்சலாட்சி தூக்கைத் திறந்தாள், சுறாப்புட்டும் சோறும். பேச்சு முடியாமல் அவர்கள் சோற்றில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அதனால் வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்றேன். கேக்கை நம்பிக் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. அஞ்சலாட்சி பார்த்துவிட்டாள். "அண்ணே, இந்தாங்க கரண்டி. கையே நனையாது, சாப்புடுங்க" என்றாள். கரண்டியால் சாப்பிட்டால் கணக்கில் வராது என்று எனக்கும் பட்டது, சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவள் சொன்னாள், "உங்க சாமியப் பத்திலாம் எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. உங்க பொண்ணு எம் புள்ளய அங்கியே வச்சிக்கும், நாங்க போன்லியே பாத்துக்கினு கெடக்கணும், அதான் பயம்." மகளே, நான் கோயில், ஞானஸ்நானம் என்று என்னென்னவோ கேள்வி வைத்திருந்தேனே, எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு இருந்த பயமும் அதுதான். உன் அம்மாவிடம்கூட அதை நான் சொன்னதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா என்று கையை நீட்டினேன். இதுதான் என் பதில்.

தண்ணீர் ஏறியதும் நான்கு பேரும் ஒரே சமயத்தில் ஏறப் போய்ப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, அதை விடு. கரையில் விட்ட கேக்கைத் திரும்ப வாங்கி அவர்களுக்கும் வெட்டிக் கொடுத்தேன். இப்போது புதிதாக ஒரு தகராறு. கல்யாணத்தை முதலில் உங்கள் கோயிலில் வையுங்கள் என்று நானும், இல்லை முதலில் உங்கள் கோயிலில் என்று அவரும் பிடிவாதமாக நிற்கிறோம். நீங்கள் இருவரும் லீவு போட்டுக்கொண்டு வந்தால்தான் இது தீரும். எங்களுக்கும் வயசாகிறது, தண்ணீர் வற்றுவதற்குள் வாருங்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சேசுவும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காப்பார்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
லூர்துநாதன்

லினெட், அம்மா எழுதுறேன். போட்டோ எடுக்கும்போது படிச்சிப் பாத்தேன். கரண்டியும் இல்ல ஒண்ணும் இல்ல. தூக்குச் சட்டியத் தெறந்ததும் மொத வாயே கையாலதான் சாப்ட்டாரு.